ஓடாத நாளும் பயிற்சிதான்

விடியற்காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குச் சென்றால், நாள் தவறாமல் ஓடும் பலரைக் காணலாம். ‘தொடர்ந்து 40 நாள்’ என்று கைப்பேசிச் செயலிகள் கணக்கு காட்டத் தொடங்கிய பிறகு, ஒரு நாள் ஓடாமல் இருப்பதே சோம்பல் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. உண்மையில், ஓட்டத்தின் பலன் உடலில் சேர்வது ஓடி முடித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான்.

ஓடும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. தசையில் சேமித்து வைக்கப்பட்டுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்தும் கரைகிறது. நீண்டதூர ஓட்டத்துக்குப் பிறகு அது மீண்டும் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பழக்கமில்லாத கடும் ஓட்டத்தால் வரும் தசைவலி பெரும்பாலும் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோதான் உச்சத்தைத் தொடும்.

எலும்புக்கு இன்னும் கூடுதல் காலம் தேவை. அதிர்வுகளுக்கு ஏற்ப எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது, முதலில் பழைய பகுதி கரையும். அதன் இடத்தில் புதியது உருவாகி உறுதிப்படச் சில மாதங்கள் பிடிக்கும். புதிதாக ஓடத் தொடங்குவோர் ஏமாந்துபோவது இங்குதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுவதால் மூச்சு வாங்குவது குறையும், ‘இன்னும் ஓடலாம்’ என்ற உற்சாகம் பிறக்கும். கீழ்க்கால் எலும்பு அதற்கு இன்னும் தயாராகியிருக்காது. இந்த நிலையில் தூரத்தை மளமளவென்று கூட்டினால், எலும்பில் மயிரிழைபோன்ற விரிசல் விழலாம். அதன் பிறகு ஓய்வு ஒரு நாளோடு நிற்காது; ஆறு வாரம், எட்டு வாரம் என்று நீளும்.

சிங்கப்பூர் வானிலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. வெயிலுக்குப் பயந்து பலரும் தேர்ந்தெடுக்கும் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். வியர்வை எளிதில் ஆவியாகாது. அதனால் அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் கூடுதலாக உழைக்க நேரிடும்.

கடினமான நாளையும் எளிதான நாளையும் மாற்றி மாற்றி வைக்கும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர் பில் பவர்மன். அவரிடம் பயின்ற கென்னி மூர், அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தும் முன்னேறாமல் தவித்தவர். மெதுவோட்டம் தவிர வேறெதுவும் கூடாது என்று பவர்மன் அவரைச் சில வாரங்கள் கட்டிப்போட்டார். அதன் பிறகுதான் மூரின் வேகம் கூடியது. 1972 மியூனிக் ஒலிம்பிக் நெட்டோட்டத்தில் மூர் 4வதாக வந்தார்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 1970ல் பாஸ்டன் நெட்டோட்டத்தில் வென்ற பிரிட்டிஷ் வீரர் ரான் ஹில், 1964 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை 52 ஆண்டுகள் ஒரு நாளும் விடாமல் ஓடினார். ஆனால், ஒரு மைல் ஓடினாலே அவர் கணக்கில் அது ஓட்டம்தான். அவரைப் போன்ற ஒருவருக்கு ஒரு மைல் மெதுவோட்டம் என்பது ஓய்வுக்குச் சற்று மேல், அவ்வளவே.

‘ஐபிபிடி’ உடலுறுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கடைசி மூன்று வாரத்தில் அன்றாடம் ஓடித் தயாராகும் தேசிய சேவையாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் ஓடாததால் உடற்திறன் குறைந்துவிடாது. களைத்த காலோடு தேர்வுக்குப் போனால் நேரம் நிச்சயம் கூடும்.

புதியவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் ஓடினால் போதும். பழகியவர்களும் வாரத்தில் ஒரு நாளாவது ஓட்டத்தை விட்டுவிடலாம். அன்று நடக்கலாம், நீந்தலாம், நன்றாகத் தூங்கலாம். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடச் சில நாள்களாகக் கூடுதலாக இருப்பதும், அலுப்பு இருந்தும் தூக்கம் வராததும் கூடுதல் ஓய்வு வேண்டும் என்பதற்கான அறிகுறிகள். கால் முழுவதும் பரவும் வலி பெரும்பாலும் தசைவலியாக இருக்கும். எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலித்தாலோ, இரவிலும் வலி இருந்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்துக்குச் செல்வது நல்லது.