கிரேக்கத்தின் கடன் நெருக்கடியும் கற்றோர் புலம்பெயர்வும்

கிரேக்க மொழியில் ‘க்ஸெனிதியா’ என்னும் சொல் அயல்நாட்டு வாழ்வையும் அதன் பிரிவுத்துயரையும் ஒருசேரக் குறிக்கும். நாட்டுப்புறப் பாடல்களில் ஒரு வகையே இப்பெயரால் வழங்குகின்றது. 1960இல் மேற்கு ஜெர்மனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்வழித் தொழிற்சாலைப் பணிக்குச் சென்றோருள் பெரும்பாலோர் பள்ளிக்கல்வி குறைந்த சிற்றூர் மக்கள். அரை நூற்றாண்டின்பின் அதே நாட்டிற்குச் சென்றோருள் மருத்துவர்களும் பொறியாளர்களும் மிகுந்திருந்தனர்.

2010 மே மாதத்தில் பன்னாட்டுக் கடனுதவி பெற்றபோது அரசுச் செலவைக் குறைக்கும் கட்டுப்பாடுகளையும் கிரேக்கம் ஏற்றது. அரசுப் பணியிலிருந்து ஐவர் விலகினால் ஒருவரையே அமர்த்தலாம் என்பது அவற்றுள் ஒன்று. 2012இல் குறைந்தபட்ச மாத ஊதியம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாகக் குறைக்கப்பட்டது. இருபத்தைந்து வயதிற்குட்பட்டோர்க்கு 511 யூரோ மட்டுமே. 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டைத் தாண்டியது. 2008 முதல் 2013 வரை நான்கு இலட்சத்து இருபத்தேழாயிரத்திற்கும் மேற்பட்டோர் வெளியேறினர் என்பது கிரேக்க நடுவண் வங்கி 2016இல் வெளியிட்ட மதிப்பீடு. அந்நாட்டின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 1.08 கோடியாகவே இருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

எனினும், நெருக்கடி ஒன்றையே காரணமாகக் கொள்வது பொருந்தாது. கற்றோர் வெளியேற்றம் முன்பே தொடங்கிவிட்டது என்பதைப் பொருளாதாரப் புவியியல் அறிஞர் லோயிஸ் லாப்ரியானிடிஸ் 2011இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். சிறு குடும்ப நிறுவனங்களும் சுற்றுலாவும் மேலோங்கிய பொருளாதாரத்தில் உயர்கல்விக்கேற்ற பணிகள் அரிதாகவே இருந்தன. பட்டதாரிகளுக்கு அரசே பெரும் புகலிடம். மருத்துவப் பட்டம் பெற்றோர் சிறப்புப் பயிற்சியிடத்திற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது நெருக்கடிக்கு முந்தைய வழக்கமே. ஜெர்மானிய மருத்துவமனைகளை அவர்கள் அப்போதே அறிந்திருந்தனர். ஆகவே, நாட்டில் பட்டதாரிகள் அளவிற்கு மிஞ்சிப் பெருகிவிட்டனர் என்னும் கூற்று ஏற்கத்தக்கதன்று. அவர்தம் விழுக்காடு அக்காலத்தில் ஐரோப்பியச் சராசரியை விஞ்சியிருக்கவில்லை, குறைந்திருந்தது பணியே. அரசுப் பணியின் வாயில் ஏறக்குறைய அடைபட்டதும் பழைய குறை வெளிப்பட்டது எனலாம்.

கிரேக்க அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு அரசுப் பல்கலைக்கழகக் கல்வியைக் கட்டணமின்றி வழங்குகின்றது. ஐரோப்பிய ஒன்றியத்துள் மருத்துவப் பட்டங்கள் ஏற்பளிக்கப்படுவதால், பொதுப்பணத்தில் பயின்றவர் விசாவின்றிப் பிறநாட்டுப் பணியில் சேர இயன்றது. கடனளித்த யூரோ நாடுகளுள் மிகப்பெரும் பங்கினை ஏற்ற ஜெர்மனியே அம்மருத்துவர்களையும் பெற்றது என்பது கருதத்தக்கது. இச்செலவு கடன் கணக்கில் எங்கும் இடம்பெறவில்லை.

திரும்பி வருவோர்க்கு ஏழாண்டுகள் பாதி வருமானவரி விலக்களிக்கும் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. வரியைக் குறைக்க அரசால் இயன்றது. கற்றோர்க்குரிய பணிகளைப் பெருக்குதல் அத்துணை எளிதாக இல்லை. 2012இல் வெட்டப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் 780 யூரோவாகி, எண்ணளவில் தன் பழைய நிலையைக் கடந்ததே 2023இல்தான்.