கூசும் பல்: அடைப்பதா, அடக்குவதா?

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று ஏறி இறங்கிப் போனால், சுமார் 40 கிலோமீட்டரில் தார்ச்சாலை மூச்சு வாங்கி நிற்கிற ஊர் கிளாவரை. அதற்கப்பால் காடு. காட்டைத் தாண்டினால் கேரளத்து வட்டவடை. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற மண் இது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் குழாய்த் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளிப்பது, பல் கூச்சம் உள்ளவருக்கு லேசான காரியமில்லை. கடைவாய்ப் பக்கம் சுரீரென்று ஒரு மின்னல் வெட்டும். கன்னத்தைப் பொத்துவதற்குள் மறைந்துவிடும். வந்த வேகத்தில் போய்விடுவதால்தான் அதை யாரும் வியாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதியவர் முன்னால் பிள்ளை கூசுகிறது, வெயிலில் கண் கூசுகிறது, மாங்காய் கடித்தால் பல் கூசுகிறது. மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறித்தால் அது ‘பல்வலி’. குளிர்ச்சியோ இனிப்போ புளிப்போ பட்ட கணத்தில் சுரீரென்று வந்து அடங்கினால் அது ‘கூச்சம்’. பல் மருத்துவப் பாடநூல்கள் பத்திக் கணக்கில் எழுதி விளக்குகிற வேறுபாட்டை நம் ஊர்ப் பேச்சு எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. நோயாளி எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று கவனிக்கிற மருத்துவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் கூச்சம் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், தானே தேய்த்துச் செய்த உருப்பெருக்கியில் பல்லை வைத்துப் பார்த்து, அது முழுக்க மெல்லிய குழாய்களால் ஆனது என்று 1678இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வெளியே தெரிகிற வெள்ளை எனாமலுக்கு அடியில் மஞ்சள் சாயலில் இருக்கும் பகுதி டென்டின். அவர் பார்த்தது அதன் குழாய்களைத்தான். ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் குழாய்கள். ஒவ்வொன்றின் விட்டமும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. நரம்போ டென்டினின் மேற்பரப்புவரை எட்டுவதில்லை. நரம்பே இல்லாத இடத்தைத் தொட்டால் ஏன் உயிர் போகிறது என்பதுதான் அடுத்து வந்தவர்களைக் குழப்பிய கேள்வி.

குழாய்க்குள் இருக்கும் திரவம் அசைவதே காரணமாக இருக்கலாம் என்று சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் கீஸி 1900இல் எழுதினார். அதைச் சோதனையில் காட்டியவர் சுவீடனின் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம். 1960களில் அவர் திறந்த டென்டின்மேல் காற்றை ஊதிப் பார்த்தார். உலர்ந்த உறிஞ்சு தாளை ஒற்றிப் பார்த்தார். தாளில் மருந்து எதுவும் கிடையாது. ஈரத்தை உறிஞ்சியது, அவ்வளவுதான். அதற்கே வலித்தது. குளிர் பட்டால் திரவம் சுருங்கி நகர்கிறது. சர்க்கரை பட்டால் வெளியே இழுக்கப்படுகிறது. காற்று பட்டால் உலர்கிறது. எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் நரம்பு முனைக்கு வெடுக்கென்று ஓர் இழுப்பு.

கூசும் பல்லையும் கூசாத பல்லையும் மின்னணு நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டு, அப்சி என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 1987இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கூசும் பல்லில் திறந்த குழாய்கள் எட்டு மடங்கு அதிகம். விட்டமும் இரண்டு மடங்கு. விட்டம் இரட்டிப்பானால் குழாயில் ஓட்டம் பதினாறு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஹோஸ் பைப் மாற்றியவர்களுக்கு இது விளங்கும்.

மூடியிருக்க வேண்டிய குழாய் திறந்துகொள்வது ஏன்? ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிவது ஒன்று. எனாமல் தேய்வது இன்னொன்று. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் டபிள்யூ. டி. மில்லர், பிடுங்கிய பற்களைப் பிரஷ்ஷாலும் பல்பொடிகளாலும் தேய்த்துப் பார்த்து, பொடியின் சொரசொரப்பே பல்லின் கழுத்தில் பள்ளம் பறிக்கிறது என்று 1907இல் வெளியிட்டார். தமிழ்நாட்டுக் கொல்லைப்புறங்களில் அப்போது அடுப்புக்கரி, சாம்பல், செங்கல் தூள், உப்பு எல்லாம் பல் விளக்கும் சரக்குகளாக இருந்தன. ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி மென்று நாராக்கித் தேய்க்கிற வழக்கம் இவற்றோடு ஒப்பிட்டால் மென்மையானது. பிறகு டப்பாவில் அடைத்த பொடிகள் வந்தன: 1913இல் மைசூர்ச் சீமையிலிருந்து நஞ்சன்கூடு பல்பொடி, பின்னாளில் வானொலி விளம்பரத்தால் வீடுதோறும் தெரிந்த கோபால் பல்பொடி. விரலால் தேய்த்தவரை பெரிய சேதமில்லை. கரகர பொடியைக் கெட்டிப் பிரஷ்ஷில் தொட்டுக் குறுக்கே அறுத்தவர்களின் பல்தான் கழுத்தில் ஆப்பு வடிவில் வெட்டுப்பட்டது. கொடைக்கானல் மலைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. பிளம்ஸ், ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களைச் சீசனில் கணக்கில்லாமல் தின்றுவிட்டு உடனே பல் தேய்த்தால், அமிலத்தில் இளகிய எனாமல் கூடுதலாகத் தேய்கிறது.

காரணம் தெரியாத காலத்தில் மருந்து மட்டும் கடுமையாக இருந்தது. 1836இல் அமெரிக்காவின் ஸ்பூனர் என்பவர் ஆர்சனிக்கைப் பரிந்துரைத்தார். கூச்சம் போனது, கூடவே பல்லின் உயிரும் போனது. பாஷாணம் வைத்தால் வேறென்ன ஆகும்? பிறகு சில்வர் நைட்ரேட் வந்தது. அதை அம்மோனியாவோடு சேர்த்துத் தடவும் முறையை 1917இல் பாஸ்டனின் பெர்சி ஹோ பரப்பினார். வெள்ளி படிந்து குழாய் அடைபடும், பல்லும் கறுத்துப்போகும். முன்பல்லில் தடவிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே 1935இல் பிலடெல்ஃபியாவின் லூயி கிராஸ்மன் ஓர் அளவுகோல் வைத்தார். நல்ல கூச்ச மருந்து பல்லின் உயிர்ப்பகுதியை உறுத்தக் கூடாது. தடவும்போது வலிக்கக் கூடாது. தடவச் சுலபமாக இருக்க வேண்டும். சீக்கிரம் கேட்க வேண்டும். நீண்ட நாள் நிற்க வேண்டும். கறை பிடிக்கக் கூடாது. தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆறிலும் முழு மதிப்பெண் வாங்கிய மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைகளை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோலும் கிடையாது.

முதலில் ஃபுளோரைடு. 1943இல் ஹாய்ட், பிபி என்ற இருவர் சோடியம் ஃபுளோரைடு, வெள்ளைக் களிமண், கிளிசரின் மூன்றையும் சரிபங்காகக் குழைத்துத் தடவினார்கள். எச்சில் அதை நிமிடங்களில் கழுவிவிடும் என்பதுதான் சிக்கல். 1964இல் ஜெர்மனியில் வந்த வார்னிஷ் அதைத் தீர்த்தது. இன்றும் நம் ஊர்க் கிளினிக்குகளில் நடப்பது அதே முறைதான். பல்லைச் சுத்தம் செய்து, இருபுறமும் பஞ்சுத் திரி வைத்து, காற்றடித்து உலர்த்தி, நுனிப் பிரஷ்ஷால் பிசின் போன்ற மருந்தைப் பூசுவார்கள். எச்சில் பட்டதும் அது இறுகிவிடும். அன்று இரவுவரை பல் தேய்க்காதீர்கள், சூடாக எதுவும் குடிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். சாதாரணப் பற்பசையில் ஃபுளோரைடு பத்து லட்சத்தில் 1,000 முதல் 1,450 பங்கு. வார்னிஷில் 22,600 பங்கு. இதே திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடிப்போய்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுகிறது. குடித்தால் கெடுதி, பூசினால் மருந்து. வார்னிஷ் வலிக்காது, சுலபம், செலவு குறைவு. ஆனால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேய்ந்துபோகும். மறுபடி வர வேண்டும்.

அடுத்தது ஆக்சலேட். டென்டினை வில்லையாகச் சீவி அதன் வழியே எவ்வளவு திரவம் கசிகிறது என்று அளந்து, பல மருந்துகளை 1981இல் கிரீன்ஹில்லும் பாஷ்லியும் சோதித்தார்கள். பொட்டாசியம் ஆக்சலேட் கசிவை அநேகமாக நிறுத்தியது. பல்லில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து அது உண்டாக்குவது கால்சியம் ஆக்சலேட் படிகம். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவற்றில் இருப்பதும் அதுதான். வேண்டாத இடத்தில் கல், வேண்டிய இடத்தில் அடைப்பு. ஆய்வுக்கூடத்தில் காட்டிய வேகத்தை வாய்க்குள் எல்லாரிடமும் காட்டவில்லை என்பது பின்னால் வந்த சோதனைகளின் தீர்ப்பு.

மூன்றாவது தற்செயலாகக் கிடைத்தது. சொத்தை அடைக்கும் ரெசினைப் பல்லோடு ஒட்டவைக்க டென்மார்க்கின் முங்ஸ்கார்டும் அஸ்முசனும் 1980களில் ஒரு பசையை உருவாக்கினார்கள், பெயர் குளூமா. ஒட்டுவதோடு அது கூச்சத்தையும் நிறுத்துவது தெரியவந்தது. அதிலுள்ள 5 சதவீத குளூட்டரால்டிஹைடு, குழாய்த் திரவத்திலிருக்கும் புரதத்தை உறையச் செய்கிறது. முட்டை வெந்ததுபோல் குழாய்க்குள்ளேயே சுவர் எழும்புகிறது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானினுக்கும் புரதத்தை உறையவைக்கும் குணம் உண்டு. நம் பல்பொடிகளில் அது நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. குளூமா உடனே கேட்கும். மாதக் கணக்கில் நிற்கும். ஈறில் பட்டால் புண்ணாகும் என்பதால் கைப்பழக்கம் உள்ளவர் தடவ வேண்டும்.

லேசர் இந்த வரிசையில் வந்தது 1985இல், ஜப்பானின் மட்சுமோட்டோ குழுவினரால். அதிக சக்தியில் டென்டின் மேற்பரப்பை உருக்கிக் குழாயை மூடலாம். குறைந்த சக்தியில் நரம்பைச் சாந்தப்படுத்தலாம். பலருக்குக் கேட்கிறது. ஆனால் கூச்சச் சோதனைகளில் லேசரைப் பிடிப்பதுபோல் பாவனை செய்தாலும், வெறும் தண்ணீரைத் தடவினாலும் கணிசமானவர்கள் வலி குறைந்தது என்றே சொல்கிறார்கள். அதனால் லேசருக்கென்று தனியாக எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்வதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. செலவோ மற்றவற்றைவிட அதிகம்.

இதற்கிடையில் வெள்ளி திரும்பி வந்துவிட்டது. ஜப்பானில் 1969இல் மிசுஹோ நிஷினோ குழுவினர் வெள்ளியையும் ஃபுளோரைடையும் சேர்த்த சில்வர் டயமின் ஃபுளோரைடை அறிமுகப்படுத்தினார்கள். சொத்தையை நிறுத்துவதில் பெயர் பெற்ற இந்த மருந்துக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி கொடுத்தபோது, கூச்சத்துக்கென்றுதான் கொடுத்தது. பெர்சி ஹோ காலத்துக் கறுப்புக் கறை அப்படியே இருக்கிறது; சொத்தை உள்ள இடம் கறுத்துவிடும். வெளியே தெரியாத கடைவாய்ப் பல்லுக்கு அதனால் என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை குழாயை அடைக்கிறவை. நரம்பை அடக்குவது இன்னொரு வழி. அது வீட்டிலேயே நடக்கும். 1961இல் அமெரிக்காவின் பிளாக் டிரக் நிறுவனம் வெளியிட்ட சென்சோடைன் பற்பசையில் இருந்த ஸ்ட்ரான்ஷியம் குளோரைடும் பெரும்பாலும் குழாயை அடைப்பதாகவே கருதப்படுகிறது. 1974இல் ஹோடோஷ் என்ற மருத்துவர் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பரிந்துரைத்தார். சாட்சாத் வெடியுப்புதான் அது. சிவகாசியில் சத்தம் போடுவது வாய்க்குள் நரம்பை அமைதியாக்குகிறது. இரண்டு முதல் நான்கு வாரம் தினமும் இரு வேளை தேய்த்தால்தான் பலன் தெரியும்.

மருந்து இத்தனை வந்தாலும், தடவ ஆள் வேண்டுமே. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் 1920இல் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் வந்தது 1948இல். சென்னை மருத்துவக் கல்லூரியின் கிளையாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது 1953இல். அதுவரையிலும் அதற்குப் பிறகும் நம் நகரங்களில் பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது, கட்டுப்பல் வைப்பது. சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் சென்னை போன்ற ஊர்களில் ‘சைனா பல் டாக்டர்’ என்று பலகை மாட்டி அந்த வேலையைச் செய்து பெயரெடுத்தன. வெறும் கூச்சத்துக்காக யாரும் அவர்கள் கடைப்படி ஏறியதில்லை. கொடைக்கானல் மலையின் மேல் கிராமங்களில் கிராம்புத் தைலமும் உப்புத் தண்ணீரும்தான் வைத்தியம்.

கிளாவரைக்காரருக்குக் கிராஸ்மனின் ஆறு நிபந்தனைகளோடு ஏழாவதாக ஒன்று உண்டு: எத்தனை முறை பஸ் ஏற வேண்டும்? பூண்டு எடுக்கும் நேரத்தில் கொடைக்கானலுக்கு ஒரு நாள் போய்வருவது ஒரு நாள் கூலி. அந்தக் கணக்கில் பார்த்தால் முதலில் செய்ய வேண்டியது பிரஷ்ஷை மென்மையானதாக மாற்றி, பொட்டாசியம் நைட்ரேட் பற்பசையை ஒரு மாதம் விடாமல் தேய்ப்பது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரே நடையில் முடிகிற குளூட்டரால்டிஹைடு பூச்சு. விலை இடித்தால் வார்னிஷ். கழுத்தில் பள்ளம் விழுந்த பல்லுக்குப் பூச்சு மட்டும் பெரும்பாலும் போதாது. 1972இல் லண்டனில் வில்சனும் கென்ட்டும் அறிவித்த கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் அடைத்துவிடுவதே சரி. லேசர் கடைசி. ஒரே ஒரு பல் மட்டும் கூசினாலோ, குளிர்ச்சி போன பிறகும் வலி நிமிடக் கணக்கில் நின்றாலோ, அது வெறும் கூச்சமாக இல்லாமலிருக்கலாம். சொத்தையோ விரிசலோ உள்ளே ஓடியிருக்கலாம். அப்போது பற்பசையில் மாதம் கடத்தாமல் அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட வேண்டும்.