லினக்ஸ் பேசப் பழகிய கதை

கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் ஓடிய காலத்தில் லினக்ஸைப் பேச வைப்பதில் ஒரு வசதி இருந்தது. திரையில் இருப்பதே எழுத்துதான். எடுத்து வாசித்தால் போதும். 1995-இல் பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. ராமன், ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியைப் பேச வைக்கும் ஈமாக்ஸ்பீக்கை வெளியிட்டார். பார்வையற்றவரான கனடாவின் கிர்க் ரைசர் உருவாக்கிய ஸ்பீக்கப், லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, வெளியே இணைத்த பேச்சுக் கருவி வழியாகக் கணினி எழும்போதே செய்திகளைப் படித்துச் சொன்னது.

ஐகான்களும் மவுஸும் வந்ததும் சிக்கல் தொடங்கியது. திரை முழுக்க நிறப் புள்ளிகள். எது பொத்தான், எது படம் என்று திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்கு எப்படித் தெரியும்? க்னோம் டெஸ்க்டாப்புக்காக சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் முன்னின்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு செயலியும் தன் திரையில் உள்ளவற்றுக்குக் கணக்கு வைத்திருக்க வேண்டும்: இது பொத்தான், பெயர் 'தொடர்க', இப்போது அழுத்தலாம். டேப் விசையைத் தட்டி நகர நகர, ஸ்கிரீன் ரீடர் அந்தக் கணக்கைக் கேட்டு வாசிக்கும். நிரலாளர் பெயர் வைக்க மறந்திருந்தால் 'பொத்தான்' என்பதோடு நின்றுவிடும்.

இந்த ஏற்பாட்டின் மேல் எழுந்ததுதான் ஓர்க்கா என்ற ஸ்கிரீன் ரீடர். சன் நிறுவனத்தில் பார்வையற்ற நிரலாளர் மார்க் மல்கஹி 2004 வாக்கில் தொடங்கினார். வில்லி வாக்கர் வளர்த்தார். 2006-இல் க்னோம் 2.16-உடன் சேர்ந்தே வந்தது. விண்டோஸில் ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடருக்குப் பெரும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது இலவசம்.

ஆனால் ஓர்க்கா பேச வேண்டுமானால் முதலில் லினக்ஸை நிறுவ வேண்டுமே! வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு ஷெட்டைத் திறக்க ஆள் தேவைப்பட்ட கதைதான். 2013-இல் வந்த டெபியன் 7 என்ற லினக்ஸ் தொகுப்பு அந்தக் கதவைத் திறந்தது. இன்ஸ்டாலரின் முதல் மெனு வந்ததும் 'பீப்' ஒலி கேட்கும். 'எஸ்' தட்டி என்டர் அழுத்தினால் சற்று நேரத்தில் குரல் வரும். கேள்விகளுக்கு எண்களைத் தட்டியே பதில் சொல்லலாம். உள்ளே வேலை செய்வது அதே ஸ்பீக்கப்தான். தனிக் கருவிக்குப் பதிலாக ஈஸ்பீக் என்ற மென்பொருள் குரல். நிறுவி முடித்த கணினியும் பேசிக்கொண்டே எழும். மறுபடி யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இதற்குள் அடித்தளம் ஆட்டம் கண்டது. 2010-இல் சன்னை ஆரக்கிள் வாங்கியதும் அங்கே ஓர்க்காவை வளர்த்த அணி கலைந்தது. ஓர்க்காவை ஜோன்மேரி டிக்ஸ் ஏற்றுக்கொண்டார். 2011-இல் க்னோம் 3 வந்தபோது, செயலிகள் ஸ்கிரீன் ரீடரோடு பேசும் பழைய குழாயைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது.

அடுத்த சோதனை, சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய ஏற்பாடான வேலண்ட். அதற்கு முந்தைய எக்ஸ்11-இல் எந்தச் செயலியும் விசைப்பலகையை ஒட்டுக்கேட்கலாம். பாதுகாப்புக்கு அது ஓட்டை. ஓர்க்காவுக்கோ அதுவே வழி. கேப்ஸ் லாக்கையோ இன்சர்ட்டையோ பிடித்துக்கொண்டு தரும் கட்டளைகள் எந்தச் சாளரத்தில் இருந்தாலும் அதற்குக் கேட்டாக வேண்டும். வேலண்ட் ஓட்டையை அடைத்தபோது ஓர்க்காவின் காதும் சேர்ந்து அடைபட்டது. 2023-இல் ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் க்னோமுக்கு 10 லட்சம் யூரோ ஒதுக்கியது. அணுகுதன்மைப் பணிகளும் அதில் அடங்கும். ஸ்கிரீன் ரீடருக்கு மட்டும் முறையாக அனுமதி தரும் வழி 2025 மார்ச்சில் க்னோம் 48-உடன் வந்தது.

லினக்ஸுக்குக் குரல் கிடைத்தது ஒரே தடவை நடந்த காரியமல்ல. அடியில் ஏதாவது மாறும்போதெல்லாம் அது அறுந்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் உழைப்பால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டுப்போடுவதைத் தவிர்க்க வழி உண்டு: புது இன்ஸ்டாலரோ டெஸ்க்டாப்போ வெளியிடும் முன், உருவாக்கியவர்களே மானிட்டரை அணைத்துவிட்டு ஒரு முறை நிறுவிப் பார்க்கட்டும். அது முடியாதவரை வேலை முடியவில்லை.