வானில் தூவிய செம்பு ஊசிகள்

விண்வெளி மாசு பற்றிய வழக்கு இந்நூற்றாண்டில் எழுந்ததென்றே பலரும் எண்ணுகின்றனர். ககாரின் விண்ணுக்குச் சென்ற 1961ஆம் ஆண்டிலேயே அது உலக மேடைக்கு வந்துவிட்டது.

பனிப்போர்க் காலத்தில் கண்டங்களுக்கு இடையேயான செய்தித் தொடர்பு கடலடி வடங்களையும், அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகளையும் நம்பியிருந்தது. வடத்தை எதிரி அறுக்கலாம். அயனமண்டலமோ சூரியப் புயலில் நிலைகுலையும். ஆகவே எவராலும் அறுக்க முடியாத ஓர் எதிரொலிப்புப் பட்டையைப் புவியைச் சுற்றி அமைக்க அமெரிக்கப் படைத்துறை விரும்பியது. லிங்கன் ஆய்வகம் வகுத்த இத்திட்டம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஊரொன்றின் பெயரால் ‘வெஸ்ட் ஃபோர்டு’ எனப்பட்டது. 1.78 சென்டிமீட்டர் நீளமும் மயிரிழையினும் மெல்லிய பருமனும் உடைய 48 கோடி செம்பு ஊசிகளை நாப்தலீனில் பதித்து அனுப்புவது. வெற்றிடத்தில் நாப்தலீன் ஆவியானதும் ஊசிகள் பிரிந்து பரவும். நம் அலமாரியில் கரையும் பாச்சை உருண்டையின் இயல்புதான் அது.

பெர்னார்ட் லவல், மார்ட்டின் ரைல் முதலிய பிரிட்டிஷ் வானொலி வானியலாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 1961 ஆகஸ்டில் பெர்க்லியில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம், உலகளாவிய ஆய்வும் உடன்பாடும் இன்றிப் புவிச்சூழலை மாற்ற எவருக்கும் உரிமையில்லை எனத் தீர்மானித்தது. ஆயினும் அவ்வாண்டு அக்டோபரில் ஊசிகள் ஏறின, ஆனால் பரவவில்லை. 1963 மே மாதத்து முயற்சி வென்றது. கலிஃபோர்னியாவிலிருந்து மாசச்சூசெட்ஸுக்குக் குரல் சென்றது. ஆனால் டெல்ஸ்டார் போன்ற துணைக்கோள்கள் அதற்குள் வந்துவிட்டதால் பட்டைக்குத் தேவையே இல்லாமற்போயிற்று!

அஞ்சிய அளவுக்கு ஆய்வுகள் பாதிக்கப்படவில்லை. சூரிய ஒளியின் அழுத்தம் பெரும்பாலான ஊசிகளைச் சில ஆண்டுகளில் கீழிறக்கிவிட்டது. பிரியாமல் ஒட்டிக்கொண்ட கட்டிகள் சில இன்றும் சுற்றுகின்றன. இதனைக் காட்டி, வானியலாளர்கள் வீணாகப் பதறினர் என்பாருண்டு. அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. தீங்கின் அளவைவிட, அனைவர்க்கும் பொதுவான வானத்தை ஒரு நாடு யாரைக் கேட்டு மாற்றலாம் என்பதே அவர்களின் அடிப்படைக் கேள்வி.

அக்கேள்விக்கு 1967இன் விண்வெளி உடன்படிக்கை ஓரளவே விடையளித்தது. பிற நாடுகளின் விண்வெளிப் பணிகளுக்கு ஊறு நேரலாமெனக் கருதினால் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் விதி. வானியலாளர்கள் கேட்டது உடன்பாடு; கிடைத்தது கலந்தாலோசனை. தரையிலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பது ‘விண்வெளிப் பணி’ ஆகுமா என்பதிலும் சட்ட அறிஞர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

2019 மே மாதம் 60 ஸ்டார்லிங்க் துணைக்கோள்கள் ஒரே உந்துகணையில் ஏறின. அவை வரிசையாய் ஒளிர்ந்து சென்றதைக் கண்ட பின்னரே வானியலாளர்கள் அவற்றின் பொலிவை அளக்கத் தொடங்கினர். கறுப்புப் பூச்சும் ஒளிமறைப்பும் அதன் பிறகே வந்தன.