களைத்துப்போகும் உரிமை

பயிற்சிக்கு முன் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ‘ப்ரீ வொர்க்அவுட்’ பொடி, கடும் பயிற்சியில் அதிக நேரம் தாக்குப்பிடிக்க உதவுமா? ஜிம்முக்குப் போகும் பெண்கள் பலரும் கேட்பது இது. பதிலைத் தேடிப் பழைய வரலாற்றைப் படித்தபோது எனக்கு இன்னொரு கேள்வி எழுந்தது: இதுவரை யாருடைய களைப்பு மதிக்கப்பட்டது?

1904, செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக். மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் தள்ளாடியபோது, உடன் வந்தவர்கள் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னின் கலந்து கொடுத்தார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்டிரிக்னின் எலிகளைக் கொல்லும் நஞ்சு. நிற்கவும் முடியாத நிலையில் ஓடி முடித்த அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1928, ஆம்ஸ்டர்டாம். பெண்களுக்கான 800 மீட்டர் இறுதிப் போட்டியில் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஓடிய ஒன்பது பேரும் இலக்கைத் தொட்டார்கள். ஆனால் முடித்தபின் சிலர் தரையில் சாய்ந்ததைப் பத்திரிகைகள் பெரும் விபரீதமாக எழுதின. அந்தப் பந்தயம் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மறுக்கப்பட்டது. ஆண்கள் 1896 முதல் ஓடிய மாரத்தான் பெண்களுக்கு 1984இல்தான் வாய்த்தது.

ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான். நீலகிரித் தோடர்களைப் பற்றி நூல் எழுதிய டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், காஃபீன் தசைக் களைப்பைத் தள்ளிப்போடுமா என்று வெபர் என்பவருடன் சேர்ந்து ஆராய்ந்து 1907இல் வெளியிட்டார். சோதனைக்கு உட்பட்டவர்கள் அந்த இரண்டு ஆண்களே. 1978இல் டேவிட் காஸ்டிலின் குழு ஒன்பது சைக்கிள் பந்தய வீரர்களுக்கு 330 மில்லிகிராம் காஃபீன் கொண்ட காபி கொடுத்தது. ஓய்ந்துபோகும்வரை மிதித்த நேரம் சராசரி 75 நிமிடத்திலிருந்து 90 ஆனது. ஒன்பது பேரில் பெண்கள் இருவர்.

ஆக, பொடியில் உள்ள காஃபீன் உதவுகிறது. ஆய்வுகளில் வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். பீட்டா அலனினைச் சில வாரங்கள் தினமும் எடுத்தால், சில நிமிடங்களே நீடிக்கும் கடும் முயற்சியில் சிறு பலன் உண்டு. குடித்ததும் தோலில் ஊரும் கூச்சம் அந்தப் பலனின் அடையாளமல்ல.

ஆனால் டப்பா சொல்லும் ‘ஒரு ஸ்கூப்’ யாருக்கான அளவு? அதில் 300 மில்லிகிராம் காஃபீன் இருந்தால், 80 கிலோ ஆணுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம்கூட வராது. 50 கிலோ பெண்ணுக்கோ 6. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரின் உடலில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தங்கும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இன்னும் அதிக நேரம். இதெல்லாம் ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஸ்கூப் எல்லோருக்கும் ஒன்றே.

அந்த ஒரே அளவைக் குடித்து நெஞ்சு படபடத்தால், தூக்கம் கெட்டால், ‘எனக்குத் தெம்பு போதவில்லை’ என்று நம்மையே நொந்துகொள்கிறோம். 1928இல் பத்திரிகைகள் அந்த ஒன்பது பெண்களைப் பற்றிச் சொன்னதும் அதைத்தான். அவர்கள் உடலில் குறையில்லை; நம் உடலிலும் இல்லை. முதலில் அளவைக் கேள்வி கேட்போம்.