நீதியரசர் வீரமந்திரி விட்டுச் சென்ற அறிவுச் செல்வம்

கற்பிட்டிக்குச் சென்றுவரும் உச்சமுனை மக்கள் அங்குள்ள ஒல்லாந்தர் கோட்டையைக் காணாது திரும்புவதில்லை. 1667ஆம் ஆண்டு தொடங்கி 1676ஆம் ஆண்டளவில் கட்டி முடிக்கப்பெற்ற அக்கோட்டை, களப்பின் வாயிலையும் இக்கரையின் வாணிகத்தையும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குள் வைத்திருப்பதற்காக எழுந்ததாகும். அக்கம்பெனிக்குச் சார்பாக வாதாடி 1609ஆம் ஆண்டிலே ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதனை எழுதியவர் ஹியூகோ குரோஷியஸ் என்னும் ஒல்லாந்தச் சட்ட அறிஞர். கடல் எல்லார்க்கும் பொது. அதனை எந்த அரசும் தன் உடைமையாக்கிக் கொள்ள இயலாது என்பது அந்நூலின் வாதம். இலங்கை முதலிய கீழைத் தீவுகள் போர்த்துக்கேயருக்கு உரியவை அல்ல என்றும், அங்கே தொன்றுதொட்டுச் சொந்த அரசரும் சொந்தச் சட்டமும் உண்டு என்றும் அவர் அதிலே எடுத்துரைத்தார். இவ்வாறு எழுதி அறுபது ஆண்டு நிறைவதற்கு முன்னரே, அதே கம்பெனி அதே இலங்கையின் கரையிற் கோட்டை கட்டத் தொடங்கிற்று!

சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பாடநூல்கள் போற்றுவது இக்குரோஷியஸ் என்பவரையே. கீழை நாட்டாருக்குச் சட்டம் உண்டு என்று அவர் ஏட்டில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அச்சட்டம் யாது சொல்கிறது என்று கேட்பார் நெடுங்காலம் இல்லாமற் போயினர். அக்கேள்வியைக் கேட்டு, அதற்குரிய விடையைக் குரோஷியஸ் பிறந்த நாட்டிலேயே, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தின் ஆசனத்திலிருந்து எடுத்துரைத்தவர் இலங்கையர் ஒருவர். அவரே நீதியரசர் கிறிஸ்டோபர் கிறகரி வீரமந்திரி அவர்கள். அவர் நமக்கு விட்டுச் சென்ற அறிவுச் செல்வம் எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1926ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த வீரமந்திரி அவர்கள் றோயல் கல்லூரியிற் பயின்று வழக்கறிஞராகி, 1967 முதல் 1972 வரை நம் நாட்டு உயர் நீதிமன்ற நீதியரசராய் விளங்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் 1991 வரை சட்டப் பேராசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டிலே சர்வதேச நீதிமன்ற நீதிபதியாகி, 1997 முதல் 2000 வரை அதன் உபதலைவர் பதவியையும் வகித்தார். 2017ஆம் ஆண்டு ஜனவரி 5ஆந் திகதி, தம் தொண்ணூறாவது வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் எழுதிய நூல்கள் பல. ஒப்பந்தச் சட்டம் பற்றிய பெருநூலொடு தொடங்கிய அவரது எழுத்து, தென்னாபிரிக்க நிறவெறி, விஞ்ஞான வளர்ச்சியால் மனித உரிமைக்கு வரும் ஆபத்து, அணுவாயுதம் எனப் படிப்படியாக விரிந்து சென்றது. 1988இல் இஸ்லாமியச் சட்டவியலைப் பற்றிச் சிறந்ததொரு நூலை வெளியிட்டார். குரோஷியசுக்குப் பல நூற்றாண்டு முன்னரே, எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல் ஷைபானி என்பார் நாடுகளுக்கிடையேயுள்ள சட்டத்தைத் தனித்துறையாக வகுத்து எழுதிய வரலாற்றை உலகறியச் செய்தவர்களுள் வீரமந்திரியும் ஒருவர். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற நம்மிற் பலர் காலைதோறும் கேட்டுப் பழகிய பரமண்டல ஜெபத்தின் ஒவ்வொரு வாசகத்திலும் மனித உரிமைக் கருத்து உள்ளது என்று விளக்கியும் ஒரு நூல் செய்தார். கிறிஸ்தவரான ஒருவர் இஸ்லாமியச் சட்டத்தையும் பௌத்த வரலாற்றையும் இந்து இதிகாசங்களையும் ஒருங்கே கற்றுத் தேர்ந்தமை, கோயிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் அண்டையயலில் நிற்கும் புத்தளம் மாவட்டத்தாராகிய நமக்குச் சிறப்பாக மகிழ்ச்சி தருவதாகும்.

இக்கல்வி வெறும் ஏட்டுக் கல்வியாய் நின்றுவிடவில்லை. பசிபிக் சமுத்திரத்திலே நவூறு என்றொரு தீவு உண்டு. அதன் பரப்பு 21 சதுர கிலோமீற்றர் மட்டுமே. அத்தீவைப் பரிபாலித்த பிறநாட்டார் அங்குள்ள பொசுபேற்று மண்ணை அகழ்ந்து அகழ்ந்து ஏற்றிச் சென்றனர். எஞ்சியவை கூர்ங் கற்றூண்களே. நவூறு விடுதலை பெற்ற பின், பாழாக்கிய நிலத்தைத் திருத்தும் கடமை யாருடையது என்று ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது; அதன் தலைவர் வீரமந்திரி. பிறர் நலத்துக்கெனப் பொறுப்பேற்ற காவலன் அப்பொருளை அழிப்பானாயின் அவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பதே அவ்விசாரணையின் சாரம். 1989இல் நவூறு சர்வதேச நீதிமன்றத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக வழக்கிட்டது. 1993இல் அவ்வழக்கு இணக்கமாக முடிந்து, அவுஸ்திரேலியா 107 மில்லியன் டொலர் வழங்க உடன்பட்டது. ஒரு பெருந்தேசத்தைக் கடல் நடுவேயுள்ள சிற்றூர் போன்றதொரு நாடு நீதியின் முன் நிறுத்திய செய்தி, மணல் திட்டில் வாழும் நம்போன்றார் மறக்கலாகாத செய்தியன்றோ!

எனினும் அவர் புகழை நிலைநாட்டியது 1996ஆம் ஆண்டு ஜூலை 8ஆந் திகதி வெளியான அணுவாயுதக் கருத்துரையே. அணுவாயுதத்தைப் பிரயோகிப்பதோ, பிரயோகிப்பதாக அச்சுறுத்துவதோ சட்டத்துக்கு இசைந்ததா என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நீதிமன்றத்தைக் கேட்டிருந்தது. ஹிரோஷிமா, நாகசாகி நகரபிதாக்கள் இருவரும் 1995இல் நேரில் வந்து தம் நகரங்கள் பட்ட பாட்டை எடுத்துரைத்தனர். நீதிபதிகள் பதினால்வரும் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கினாலே விடை பிறந்தது. அப்பிரயோகம் பொதுவாகச் சட்டவிரோதம். ஆயினும் ஒரு நாட்டின் உயிருக்கே இறுதி வந்துற்ற தற்காப்பு நிலையில் யாதென்று நீதிமன்றத்தால் அறுதியிட்டுக் கூற இயலாது என்பதே அவ்விடை. வீரமந்திரி இதனை ஏற்கவில்லை. எந்நிலையிலும் சட்டவிரோதமே என்று நீண்டதொரு மாறுபட்ட தீர்ப்புரையை எழுதினார்.

அத்தீர்ப்புரையிலேதான் நம் இதிகாசங்கள் சாட்சி சொல்ல அழைக்கப்பெற்றன. பகைவர் குலம் முழுவதையும், படை தாங்காதாரையும் சேர்த்து அழிக்கவல்ல படைக்கலம் ஒன்று இலக்குவனுக்குக் கிட்டியபோது, இராவணன் செய்வது அதர்மப் போரேயாயினும் அப்படைக்கலத்தை ஏவலாகாது என்று இராமன் தடுத்ததை அவர் எடுத்துக்காட்டினார். சிவபெருமானிடம் பாசுபதம் பெற்ற அருச்சுனன் அதனை மானிடப் போரிற் பயன்படுத்தாது விட்டதையும் காட்டினார். 1139இல் உரோமாபுரித் திருச்சபைச் சங்கம் ஒருவகை வில்லைத் தடைசெய்ததையும், நஞ்சூட்டிய அம்பை இஸ்லாமியச் சட்டம் விலக்கியதையும் அவற்றின் பக்கத்தில் நிறுத்தினார். போருக்கும் ஓர் எல்லையுண்டு என்பது ஐரோப்பா நமக்கு இட்ட பிச்சையன்று. மனித குலம் முழுவதும் தனித்தனியே கண்டறிந்த உண்மை என்பது அவர் துணிபு.

இங்கே சில தடைகள் எழும். இதிகாசம் கதையன்றிச் சட்டமாகுமா என்பது முதற் றடை. அக்கதையிலேயே அறம் மீறப்பட்டதே, அசுவத்தாமன் நள்ளிரவிலே உறங்கினாரைக் கொன்றானே, பிரமாஸ்திரத்தையும் ஏவினானே என்பது இரண்டாம் தடை. இவற்றுக்கு விடை கூறுவாம். வழக்கமும் மக்களின் பொது மனச்சாட்சியும் சர்வதேசச் சட்டத்தின் ஊற்றுக்களென்று மேனாட்டாரே ஒப்புவர். மனச்சாட்சி எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடுவோன், ஒரு மக்கட் கூட்டம் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் காத்த கதையிலே அதனைத் தேடாது வேறெங்கே தேடுவான்? உடப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் மக்கள் பாரதக் கதையை வெறும் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லையே. இனி, அசுவத்தாமன் செய்ததை நாம் கொடுமை என்கிறோம், ஏன் என்கிறோம்? உறங்குவோரைக் கொல்லலாகாது என்ற விதி முன்னரே நம் உள்ளத்தில் இருப்பதனாலன்றோ? மீறினவனைப் பழிப்பதே விதி உண்டு என்பதற்குச் சான்று.

மூன்றாம் தடை கடியது. 1983 முதல் 2009 வரை நம் நாடே போரில் வெந்தது. ஹேக் நகரத்து ஏடுகள் இங்கே எந்தத் தாயின் பிள்ளையைக் காத்தன என்று ஒருவர் கேட்பின் யாது சொல்வோம்? சட்டம் தானே நடந்துவந்து எவரையும் காப்பதில்லை என்பது உண்மை. ஆயின் அளவுகோல் இல்லாத ஊரிலே குறைத்து அளந்தவனைக் குற்றவாளி என்று சொல்லவும் இயலாது. இழப்புற்றவன் ‘எனக்கு நேர்ந்தது விதியன்று, அநீதி’ என்று சொல்வதற்குரிய சொல்லை வழங்குவது சட்டமே. அச்சொல்லைச் செம்மையாக்கி வைத்தவர் வீரமந்திரி.

நம்மவர்க்கும் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. நம் இதிகாசம் உலக நீதிமன்றத்தில் ஒலித்தது என்று மார்தட்டுதல் எளிது. அக்கருத்துரை வெளியாகி இரண்டாண்டுகளில், 1998 மே மாதத்திலே இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுகளை வெடித்துப் பரிசோதித்தன. அணுகுண்டு தாங்கும் இந்திய ஏவுகணைக்கு அக்கினி என்று தெய்வப் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பாசுபதத்தின் பெருமை அதன் ஆற்றலில் இல்லை. அதனைப் பெற்றும் ஏவாதிருந்தவனின் அடக்கத்திலே இருக்கிறது. இதனை மறந்து பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோர் கதையைக் கேட்டவர் ஆகார்.

1997ஆம் ஆண்டு டான்யூப் ஆற்று அணை குறித்து ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் நேர்ந்த வழக்கிலே அவர் எழுதிய தனித் தீர்ப்புரை நம் குளங்களின் புகழைப் பாடுகிறது. வளர்ச்சியும் வேண்டும், இயற்கையும் கெடலாகாது என்ற கொள்கை நேற்றுப் பிறந்ததன்று என்பதற்கு, வயலுக்கென ஒரு குளமும், காட்டு விலங்குக்கென ஒரு குளமும், மண்ணரிப்பைத் தடுக்க ஒரு குளமும் அமைத்த பண்டைய இலங்கையரை அவர் சான்றாக்கினார். நிலத்துக்கு அரசன் உடையவன் அல்லன், காவலனே என்று மகிந்த தேரர் தேவநம்பியதீசனுக்கு உரைத்ததையும் நினைவூட்டினார்.

ஹேக் நகரில் ஒலித்த அக்குரல் மூன்றாண்டுகளிலே தாயகம் திரும்பிற்று. எப்பாவலையிலுள்ள பொசுபேற்றுப் படிவைப் பெருமளவில் அகழ்வதற்கு அரசு வகுத்த திட்டத்தை எதிர்த்து அவ்வூர் வாசிகள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000ஆம் ஆண்டு அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த நீதியரசர் அமரசிங்க அவர்கள், வீரமந்திரியின் அத்தீர்ப்புரையை எடுத்தாண்டு, இயற்கை வளங்களுக்கு அரசு காவலனே என்று வலியுறுத்தினார். நவூறுத் தீவுக்குக் கூறிய நீதி எப்பாவலை உழவனுக்கும் நீதியாயிற்று.

உச்சமுனையையும் உள்ளிட்டுக் கற்பிட்டிக் கடலிலே பதினான்கு தீவுகள் உண்டு. அவற்றிற்கென உல்லாசப் பயணத் திட்டம் வகுக்கப்பட்டபோது, இம்மணலும் கரைவலைப் பாடும் யாருடையவை என்ற வினா எழுந்தது. இத்தகைய வினா இனியும் எழும். அன்று நாம் கெஞ்சி நிற்கவேண்டியதில்லை. காவலன் கணக்குக் காட்டட்டும் என்று சட்டத்தின் மொழியிலே கேட்கலாம்.

ஓய்வுபெற்ற பின்னரும் அப்பெரியார் ஓயவில்லை. 2001இல் சமாதானக் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமாகக் கொழும்பிலே தம் பெயரால் ஒரு நிலையம் நிறுவினார். 2006இல் யுனெஸ்கோவின் சமாதானக் கல்விப் பரிசும், 2007இல் சுவீடனிலிருந்து வழங்கப்பெறும் நல்வாழ்வுரிமைப் பரிசும் அவரை நாடி வந்தன. 1996இல் சிறுபான்மையாய் நின்ற அவர் கருத்தோ இன்று தனித்து நிற்கவில்லை. அணுவாயுதத்தை முற்றாக விலக்கும் உடன்படிக்கை 2017இல் நிறைவேறி 2021இல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. அணுவாயுதம் உடைய நாடு எதுவும் இன்னும் சேரவில்லை. ஆகவே பணி முடியவில்லை.

வாலிப அன்பர்களே! வீரமந்திரி அவர்கள் நம் முன்னோர் ஏடுகளைப் பூசைக்கு மட்டும் வைத்திராமல் வழக்கு மன்றத்துக்கு எடுத்துச் சென்றார். அவ்வேடுகளை நாமும் கற்போம். அயலாரின் ஏடுகளையும் அவரைப் போலவே மதித்துக் கற்போம். நம்மூர்ப் பிள்ளைகளிற் சிலரேனும் சட்டம் பயிலப் புறப்படுவார்களாயின், அதுவே அப்பெரியார்க்கு இக்கரை செலுத்தும் தகுந்த அஞ்சலியாகும்.