தூரத்திற்கா கூலி?

இணையக் கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறீர்கள். அது டில்லியிலிருந்து வந்தாலும் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்தாலும் அனுப்பும் கட்டணம் பெரும்பாலும் ஒன்றே. இது எப்படிக் கட்டுப்படியாகிறது? விடை காண 1837-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம்.

அந்நாளில் கடிதக் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. இலண்டனிலிருந்து எடின்பரோ சுமார் 640 கிலோமீட்டர். ஒற்றைத் தாளுக்குப் பதின்மூன்றரைப் பென்னி. பணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே தரவேண்டும்! ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ரோலண்டு ஹில் இதை ஆராய்ந்தார். தபால் வண்டியின் செலவைக் கடிதங்களின் எண்ணிக்கையால் வகுத்தார். ஒரு கடிதத்தை எடின்பரோவரை சுமந்து செல்ல ஆகும் செலவு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான்!

அப்படியானால் பணம் எங்கே போயிற்று? கடிதத்தை விளக்கொளியில் பிடித்துத் தாள்களை எண்ணுவது, கட்டணத்தைக் குறிப்பது, வீட்டு வாசலில் காசுக்காகக் காத்து நிற்பது, இவற்றில்தான். கூட்டலில் மிகச் சிறிய உறுப்பைப் புறக்கணிப்பது இயற்பியல் மாணவர்களுக்குப் பழக்கமான செயல். ஹில் தூரத்தைப் புறக்கணித்தார். 1840 ஜனவரி 10 முதல் நாட்டின் எந்த மூலைக்கும் அரை அவுன்சுக்கு ஒரு பென்னி. முன்பணம் செலுத்தத் தபால்தலை அவ்வாண்டு மே மாதம் வந்தது. ஓராண்டில் கடிதங்கள் இரு மடங்குக்கு மேல் பெருகின. ஆனால் நிகர வருவாய் சுமார் 16 இலட்சம் பவுனிலிருந்து 5 இலட்சமாகச் சரிந்தது. பழைய நிலைக்கு மீள இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஹில்லைப் புகழ்வோர் இதைச் சொல்வதில்லை! இந்தியாவிலும் 1854-இல் கால் தோலா கடிதத்திற்கு, எவ்வளவு தூரமானாலும், அரையணா என்றாயிற்று.

கடிதத்திற்குச் சரி; தலையணைக்கு? எடை குறைவு, ஆனால் வண்டியில் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுக்கின்றன. 60, 40, 25 அளவுள்ள பெட்டி 12 கிலோவாகக் கணக்காகும், உள்ளே ஒரு கிலோ பஞ்சே இருந்தாலும்!

அமேசான் 2002-இல் அமெரிக்காவில் 99 டாலருக்கு மேல் வாங்கினால் அனுப்புவது இலவசம் என்றது. அவ்வாண்டிலேயே வரம்பை 25 டாலராக்கியது. ஒரே பெட்டியில் இரண்டு பொருள் சென்றால் வாசற்படி ஏறும் செலவு இரட்டிக்காதல்லவா? இன்றும் பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தருவதாகச் சொன்னால் நம் நாட்டில் பல கடைகள் தனிக்கட்டணம் கேட்கின்றன. ஹில் ஒழிக்க விரும்பிய அதே காத்திருப்புக்கான கூலி அது.